தொட்டியை விடுங்கள், ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்கள்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

"சித்தி, ஒரு பர்த் சென்டர் பார்த்து வெச்சிருக்கேன். நீங்க ஒரு தடவை வந்து பார்த்துட்டு அம்மாகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா அவங்க காதுல ஏறாது."

அக்கா மகளுக்குத் தலைப்பிரசவம், ஏழாம் மாதம். அக்காவுக்குப் போன் போட்டால் அவள் பாட்டு வேறு. "டாக்டரே இல்லாத இடமாமா. நம்ம ஆத்தா காலத்துக்குத் திரும்பிப் போகணும்னு என்ன தலையெழுத்து?" சம்பந்தியம்மாவோ, தண்ணீருக்குள் பிறந்தால் வலியே தெரியாது என்று யாரோ சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தார். ஒரே கட்டடத்தைப் பற்றி மூன்று பேருக்கு மூன்று கதை. இந்த வாரத்துக்கு வேறு தலைப்புத் தேடவேண்டிய வேலை எனக்கு மிச்சம்.

நம்பிக்கை: பிரசவ மையம் என்பது வீட்டுப் பிரசவத்துக்கே இன்னொரு பெயர்

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று கோவை, திருப்பூர்ப் பக்கம் யாரையும் கேட்க வேண்டியதில்லை. 2018 ஜூலையில் திருப்பூரில், இணையத்தில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்தார்கள். குழந்தை பிழைத்தது. தாய் ரத்தப்போக்கில் போய்விட்டார். அதன்பிறகு 'இயற்கைப் பிரசவம்' என்று யார் சொன்னாலும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தச் செய்திதான் கண்முன் வருகிறது.

பயப்படுவது நியாயம். ஆனால் அந்த வீட்டில் என்ன இல்லை என்று பாருங்கள். குழந்தை வெளியே வந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் போடவேண்டிய 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி இல்லை. நஞ்சு முழுசாக வந்ததா, கர்ப்பப்பை கல்லுப் போலச் சுருங்கியிருக்கிறதா என்று அடிவயிற்றில் கை வைத்துச் சொல்லத் தெரிந்த ஆள் இல்லை. கசிவது எப்போது பெருக்காகிறது என்று கண்டுபிடிக்க வழி இல்லை. பிரசவ மையம் என்ற பெயருக்குத் தகுதியுள்ள இடத்தில் இவை மூன்றும் இருக்கும். பயிற்சி பெற்ற மருத்துவச்சி இருப்பார், மருந்து இருக்கும், கைமீறினால் எந்த ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்பது முன்பே பேசி வைக்கப்பட்டிருக்கும். நியூயார்க்கில் மெட்டர்னிட்டி சென்டர் அசோசியேஷன் 1975-ல் இப்படி ஒரு மையத்தைத் திறந்ததற்குக் காரணமே, ஆஸ்பத்திரி பிடிக்காமல் வீட்டில் பெற்றுக்கொள்ளத் துணிந்த பெண்களுக்கு நடுவில் ஒரு பாதுகாப்பான இடம் வேண்டும் என்பதுதான்.

நம்பிக்கை: இது வெளிநாட்டு இறக்குமதி, காசுள்ளவர்களின் ஃபேஷன்

பீங்கான் தொட்டி, மெல்லிய விளக்கு, லாவெண்டர் வாசனை எல்லாம் இறக்குமதிதான், ஒப்புக்கொள்கிறேன். உள்ளே இருக்கும் ஏற்பாடு நம் ஊருக்குப் பழையது. கிராமத்து பி.எச்.சி.யை நினைத்துப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்கள் முறை போட்டு 24 மணி நேரமும் இருப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வலி எடுத்து ஆட்டோவில் வந்து இறங்கும் பெண்ணுக்குப் பிரசவம் பார்ப்பது பெரும்பாலும் அந்த நர்ஸ்தான். ரத்த அழுத்தம் ஏறினாலோ, குழந்தை இறங்காமல் நின்றாலோ 108-ல் ஏற்றி, அவசரப் பிரசவ சிகிச்சைக்கான சீமாங்க் மையத்துக்கு அனுப்புவார். இங்கிலாந்தில் இதே ஏற்பாட்டைத் தனியாக இயங்கும் மருத்துவச்சிப் பிரிவு என்கிறார்கள். நாம் அதைச் 'சாதாரண ஆஸ்பத்திரி' என்று சொல்லி, காசு சேர்ந்ததும் டவுனுக்கு ஓடிவிடுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரசவ அறைக்குள் உறவுக்காரப் பெண் ஒருவர் துணைக்கு இருக்கலாம் என்று தமிழக அரசு 2004-லேயே ஏற்பாடு செய்தது. கூடவே ஒருவர் இருந்து கையைப் பிடித்துக்கொண்டால் சிசேரியன் குறைகிறது என்பதை 15,000-க்கு மேற்பட்ட பெண்கள் பங்கெடுத்த ஆய்வுகளின் தொகுப்பு காட்டியிருக்கிறது. தெலங்கானா 2017-ல் நர்ஸ்களை மருத்துவச்சிகளாக்கும் பயிற்சியைத் தொடங்கியது. மத்திய அரசு 2018-ல் பதினெட்டு மாதப் பயிற்சிக்கும், மருத்துவச்சிகளே நடத்தும் பிரிவுகளுக்கும் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆக, எங்கோ சுற்றிவிட்டு வீட்டுக்கே வந்து நிற்கிறோம்.

பிறகு ஏன் பெண்கள் பி.எச்.சி.யையும் பெரிய ஆஸ்பத்திரியையும் விட்டுவிட்டு இந்தத் தொட்டிகளைத் தேடுகிறார்கள்? என் பிரசவத்தை நினைத்தால் எனக்குப் பதில் தெரியும். பேர் சொல்ல வேண்டாம், நல்ல பெரிய தனியார் ஆஸ்பத்திரிதான். பதினோரு மணி நேரம் மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். எழுந்து நடக்கிறேன் என்றதற்கு, "இதெல்லாம் முன்னாடியே யோசிச்சிருக்கணும்" என்றார் ஒரு நர்ஸ். லேபர் வார்டில் கேட்கும் மற்ற வசவுகளை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது. பிள்ளை பெற்றவர்களுக்கு நான் எழுதிக்காட்ட வேண்டியதுமில்லை. நடக்கலாம், குத்தவைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், யாரும் திட்டமாட்டார்கள் என்று ஒரு இடம் சொன்னால் அதற்குக் காசு கொடுக்கப் பெண்கள் வரிசையில் நிற்கத்தான் செய்வார்கள்.

நம்பிக்கை: டாக்டர் பக்கத்தில் இல்லாவிட்டால் ஆபத்து

இதற்கு இருக்கிற நல்ல பதில் இங்கிலாந்திலிருந்து வருகிறது. 2008 முதல் 2010 வரை, சிக்கல் எதிர்பார்க்கப்படாத 64,538 பெண்களை அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் வாரியாகத் தொடர்ந்து கவனித்தார்கள். மருத்துவச்சிப் பிரிவில் பிள்ளை பெறத் திட்டமிட்டவர்களின் குழந்தைகளுக்கும், டாக்டர்கள் நடத்தும் பிரிவில் திட்டமிட்டவர்களின் குழந்தைகளுக்கும் கெடுதல் நேர்ந்த விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தலைச்சன் பிள்ளையை வீட்டிலேயே பெறத் திட்டமிட்டவர்களுக்கு மட்டும் ஆபத்து கூடியிருந்தது. டாக்டர்கள் பிரிவில் ஆயிரத்துக்கு 5.3, வீட்டில் 9.3. அக்காவின் பயம் வீட்டுக்குப் பொருந்தும், மையத்துக்குப் பொருந்தாது என்று சொல்ல எனக்கு இந்த ஒரு வரி போதும்.

ஆனால் அதே ஆய்வில் என் அக்கா மகள் கவனிக்காமல் தாண்டிப்போன எண் ஒன்று உண்டு. தனியாக இயங்கும் மையங்களில் சேர்ந்த தலைப்பிரசவக்காரர்களில் 36 சதவீதம் பேரை, நடுவிலோ பிறந்த கையோடோ, ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டி வந்தது. மூன்றில் ஒருவருக்கு மேல். முன்பே பெற்றவர்களில் இது 9 சதவீதம்தான். "அப்ப நான் பாதி வழியில ஆம்புலன்ஸ்ல போகணுமா?" என்று கேட்டாள். போக நேரலாம். ஆனால் சைரன் போட்டுக்கொண்டு பறக்கும் பயணமாக அது இருப்பது அபூர்வம். அமெரிக்கப் பிரசவ மையங்களில் 15,574 பெண்களைப் பார்த்த ஒரு ஆய்வில், அவசரமாக மாற்றப்பட்டவர்கள் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. வலி நீண்டுகொண்டே போகிறது, தாய் களைத்துவிட்டாள் என்பதுதான் பெரும்பாலான மாற்றங்களுக்குக் காரணம். முதுகில் போடும் எபிடியூரல் ஊசி இந்த மையங்களில் கிடையாது. வெந்நீர்த் தொட்டி வலியைக் கொஞ்சம் தணிக்கும், எடுத்துவிடாது. சம்பந்தியம்மாவுக்கு இதை யார் சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை.

நம்பிக்கை: அங்கே சேர்ந்தால் சுகப்பிரசவம் கேரண்டி

அந்த அமெரிக்க ஆய்வில் சிசேரியன் 6 சதவீதம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதம், தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் எடுத்தால் 63.8. இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு நோட்டீஸ் அடிக்கிறார்கள். அடிக்கக் கூடாது. மையத்துக்குள் வருபவர்கள் முன்பே சலித்து எடுக்கப்பட்டவர்கள். இரட்டைக் குழந்தை, கால் கீழாக இருக்கும் குழந்தை, ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவர், பி.பி., சர்க்கரை என எல்லாரும் வாசலிலேயே வேறு பக்கம் அனுப்பப்பட்டிருப்பார்கள்.

அதற்காக 63.8-ஐ யாரும் நியாயப்படுத்திவிட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கை உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே கைவிட்டது. ஐந்து சென்டிமீட்டர் வரைக்கும் மெதுவாகத்தான் போகும், பொறுங்கள் என்றது. பொறுப்பதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். மருத்துவச்சிக்கு அது வேலையே. ஓ.பி.யில் எழுபது பேரை உட்கார வைத்துவிட்டு வந்த டாக்டருக்கு அது முடியாது. (பஞ்சாங்கத்தோடு வந்து நல்ல நேரம் குறித்துக் கொடுக்கும் நாமும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.)

நம்பிக்கை: உடம்பு நம்முடையது, எல்லாருக்கும் முடியும்

அக்கா மகள் பார்த்து வைத்திருந்த இடத்துக்குப் போனோம். வரவேற்பில் இருந்த பெண் இதே வாக்கியத்தைத்தான் சொன்னார். எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது. மெடிக்கல் ஃபைலைக் கேட்கவில்லை. ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்கவில்லை. இந்தியாவில் கர்ப்பிணிகளில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். அரை லிட்டர் ரத்தம் போனால் நல்ல உடம்பு தாங்கும், சோகை பிடித்த உடம்பு தாங்காது.

தொட்டி அறையைக் காட்டினார்கள். அழகாகத்தான் இருந்தது. ஃப்ரிட்ஜ் எங்கே என்று கேட்டேன். ஆக்ஸிடோசின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து, வெயிலில் கிடந்தால் வீரியம் போய்விடும். சமையலறையில் இருந்தது ஃப்ரிட்ஜ். பால் பாக்கெட்டுக்கும் ஒரு கட்டுக் கொத்தமல்லிக்கும் நடுவில் ஊசி மருந்து, கதவு சரியாக மூடாமல். மூச்சு விடாத குழந்தைக்கு வைக்கும் ஆம்பு பேக்கைக் கேட்டதற்கு, சாவி வைத்திருப்பவர் வெளியே போயிருக்கிறார் என்றார்கள். பிறந்த குழந்தைக்கு மூச்சுக் கொடுக்க இருக்கும் நேரம் முதல் அறுபது நொடி. இவளைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார் என்று கேட்டால், 'டூலா' என்றார்கள். டூலா நல்ல துணை, மருத்துவப் பணியாளர் அல்ல. நர்சிங் கவுன்சில் பதிவு எண் உள்ளவர்தான் மருத்துவச்சி. மையத்துக்கும் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவு இருக்க வேண்டும், சான்றிதழைச் சுவரில் தேடிப் பாருங்கள்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்து போனில் நேரம் போட்டோம். ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் உள்ள ஆஸ்பத்திரி மூன்றே கிலோமீட்டர், பத்து நிமிடம் என்று சொல்லியிருந்தார்கள். நடுவில் ரயில்வே கேட் இருப்பதைச் சொல்லவில்லை. மாலை ஆறரை. கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில். அவள் பெட்டிகளை எண்ணத் தொடங்கி நாற்பதில் நிறுத்திவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது இருபத்தாறு நிமிடம் ஆகியிருந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய கடும் ரத்தப்போக்கில் ஒரு பெண்ணைக் காப்பாற்றக் கிடைக்கும் நேரம் இரண்டு மணி நேரம்தான் என்பார்கள். அதில் இருபத்தாறு நிமிடத்தை ஒரு கேட்டுக்குக் கொடுக்க அவளுக்கும் மனம் வரவில்லை.

அடுத்த வாரம் இன்னொரு இடம். ஒரு ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே, இரண்டாம் மாடியில். தொட்டி சின்னது, சுவரில் பெயின்ட் உதிர்ந்திருந்தது. ஆம்பு பேக்கைக் கேட்டதும் அங்கிருந்த மருத்துவச்சி மேஜை இழுப்பறையைத் திறந்து எடுத்தார். குட்டி மாஸ்க்கைத் தன் உள்ளங்கையில் அழுத்திப் பையை அமுக்கினார். காற்று கசியாமல் பை விறைத்துக்கொண்டது. "தினமும் காலையில இப்படிப் பாத்துடுவோம்ங்க" என்றார். பிறகு ஃபைலை வாங்கிப் புரட்டினார். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"9.4. இப்போதைக்கு உங்கள எடுத்துக்க முடியாதும்மா. இரும்புச்சத்து டிரிப்ஸ் போட்டுக்கங்க. 36 வாரத்துல 11 வந்துட்டா இங்க. வரலைன்னா கீழ லேபர் வார்டு. அப்பவும் நான் வந்து கூட நிப்பேன்."

அக்கா மகளுக்கு முகம் தொங்கிவிட்டது. படியிறங்கும்போது, "வேண்டாம்னு சொன்ன முதல் ஆள் இவங்கதான் சித்தி" என்றாள். ஒரு மாடி இறங்கியபிறகு, "இங்கயே வரலாம்" என்றாள்.

இப்போது 33 வாரம். நேற்று எடுத்த ரத்தத்தில் 10.3. அக்கா தினமும் ஒரு கட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். ஏறியது டிரிப்ஸால் என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.