வீட்டில் குஞ்சு பொரிக்கும் பெட்டி

கோழி அடை படுத்துவிட்டால் வீட்டில் முட்டைக்குப் பஞ்சம் என்பதைக் குடியானவர் வீட்டுப் பெண்மணிகள் அனைவரும் அறிவர். நாட்டுக்கோழி 12 முதல் 15 முட்டைகள் வரை இட்டுவிட்டு அடைக்கு உட்காருகிறது. 21 நாட்கள் அடைகாக்கிறது. குஞ்சுகள் வெளிவந்த பின்னர் ஏறத்தாழ இரண்டு மாதம் அவற்றைக் கூட்டிக்கொண்டு மேய்கிறது. இக்காலம் முழுவதும் அது முட்டையிடுவதில்லை. ஆகவேதான் நாட்டுக்கோழி ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 60 முட்டைகளே தருகிறது.

அடைகாக்கும் வேலையைக் கோழியிடமிருந்து நாம் வாங்கிக்கொண்டால், அது விரைவில் மீண்டும் முட்டையிடத் தொடங்கும். இதற்காகவே இன்குபேட்டர் எனப்படும் குஞ்சு பொரிக்கும் பெட்டி ஏற்பட்டது. செயற்கையாகக் குஞ்சு பொரித்தல் புதிய வித்தையன்று. எகிப்தியர் முட்டைகளைச் சாணக் குவியலில் புதைத்துப் பொரிக்கச் செய்ததைக் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் குறித்துள்ளார். பிற்காலத்தில் அந்நாட்டார் இதற்கெனச் சூளை போன்ற அறைகளைக் கட்டினர். வெப்பமானி இல்லாத நிலையில், முட்டையைக் கண்ணிமையின்மேல் வைத்துச் சூட்டின் அளவைக் கணித்தனர்.

இன்று 50 முட்டைகள் கொள்ளும் சிறு பெட்டிகள் எளிதில் கிடைக்கின்றன. ஆயினும் பெட்டி வாங்கியோரில் சிலர், ஓரிரு முறை முட்டைகள் வீணான உடனேயே “பெட்டி சரியில்லை” என்று அதைப் பரண்மேல் ஏற்றிவிடுகின்றனர். பெட்டியின்மீது சுமத்தப்படும் பழி எல்லாம் பெட்டியினுடையதுதானா? இதனை ஆராய்ந்து அறியும் வழியையே இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முட்டையைத் தேர்ந்தெடுத்தல்

நல்ல விதையில்லாமல் நல்ல விளைச்சல் இல்லை. பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவலேனும் இருத்தல் வேண்டும். முதிர்ந்த சேவலும் நோயுற்ற சேவலும் பயன்படா. மிகப் பெரியதும், மிகச் சிறியதும், ஓடு மெலிந்ததும், கீறல் விழுந்ததுமான முட்டைகளை ஒதுக்கிவிட வேண்டும். முட்டையைக் கழுவலாகாது. கழுவினால் ஓட்டின் மேலுள்ள இயற்கையான பூச்சு நீங்கி, நுண்துளைகளின் வழியே கிருமிகள் உட்புகும்.

முட்டையைச் சேமிப்பதில்தான் நம்மில் பலர் தவறுகின்றனர். ஏழு நாட்களுக்கு மேற்பட்ட முட்டையை வைக்கலாகாது. கோடையில் மூன்று நான்கு நாட்களுக்குள் வைத்துவிடுதல் நலம். வெயில் காலத்து அறைச் சூட்டிலேயே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிப் பின்னர் மடிந்துவிடும். குளிர்பதனப் பெட்டியின் கடுங்குளிரும் கருவுக்கு ஆகாது. ஈர மணலில் பாதி புதைத்த மண்பானைக்குள், முட்டையின் அகன்ற முனை மேல்நோக்கி இருக்கும்படி அடுக்கி, மெல்லிய துணியால் மூடி வைப்பது செலவில்லாத நல்ல முறையாகும். ஒவ்வொரு முட்டையின் மீதும் இட்ட தேதியைப் பென்சிலால் குறித்தல் வேண்டும்.

கோழி செய்யும் நான்கு வேலைகள்

அடைக்கோழி நான்கு வேலைகளைச் செய்கிறது. சூடு தருகிறது, ஈரம் காக்கிறது, முட்டையைப் புரட்டுகிறது, இரை தேட எழுந்து செல்லும்போது காற்றுப் படச் செய்கிறது. பெட்டியும் இந்த நான்கையும் செய்தாக வேண்டும்.

முதலாவது சூடு. காற்றாடி பொருத்திய பெட்டியில் 37.5 முதல் 37.8 டிகிரி செல்சியஸ் வரை இருத்தல் வேண்டும். காற்றாடி இல்லாத பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்தால் 38.5 டிகிரி அளவில் இருக்கலாம். பெட்டியின் முகப்பில் தெரியும் எண்ணை அப்படியே நம்பிவிடலாகாது. வெதுவெதுப்பான நீரில் அதன் வெப்ப உணர்வியையும் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியையும் ஒருசேர வைத்து ஒப்பிட்டு, வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். முட்டை வைப்பதற்கு முன்னர் ஒரு நாள் முழுவதும் பெட்டியை வெறுமையாக ஓட்டிப் பார்த்தலும் அவசியம்.

இரண்டாவது ஈரம். முதல் 18 நாட்கள் காற்றின் ஈரப்பதம் 55 முதல் 60 விழுக்காடும், கடைசி மூன்று நாட்கள் 65 முதல் 70 விழுக்காடும் இருத்தல் நன்று. தண்ணீர்த் தட்டின் ஆழத்தைக் கூட்டினால் ஈரம் கூடாது. பரப்பைக் கூட்டினால்தான் கூடும். ஈரம் சரியாக உள்ளதா என்பதைத் தராசே சொல்லிவிடும். பதினெட்டு நாட்களில் முட்டை தன் எடையில் நூற்றுக்கு 12 அல்லது 13 பங்கு இழக்க வேண்டும். 400 கிராம் எடையுள்ள பத்து நாட்டு முட்டைகள் 18ஆம் நாளில் ஏறத்தாழ 350 கிராம் நிற்குமானால் ஈரம் சரியாக இருந்தது என்று கொள்ளலாம்.

மூன்றாவது புரட்டுதல். ஒரே நிலையில் கிடக்கும் முட்டையில் கரு உட்சவ்வோடு ஒட்டிக்கொண்டு மடிகிறது. ஆகையால் ஒருபுறம் பெருக்கல் குறியும் மறுபுறம் வட்டமும் இட்டு, நாளொன்றுக்கு மூன்று அல்லது ஐந்து முறை புரட்டுதல் வேண்டும். ஒற்றைப்படை எண்ணாக இருந்தால், இரவில் நெடுநேரம் ஒரே பக்கம் கிடப்பது நாள்தோறும் மாறிவரும். 18ஆம் நாளுடன் புரட்டுவதை நிறுத்திவிட வேண்டும்.

நான்காவது காற்று. கரு வளர வளர மூச்சுக்காற்று மிகுதியாக வேண்டும். பெட்டியின் துளைகளை எக்காரணத்தாலும் அடைத்துவிடலாகாது.

கடைசி மூன்று நாட்கள் பொறுமைக்குச் சோதனையாகும். இந்நாட்களில் மூடியைத் திறந்தால் ஈரம் வெளியேறி, உட்சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிவிடும். குஞ்சு ஓட்டைக் கொத்திய பின்னரும் வெளிவர ஒரு நாள் வரை ஆகலாம். இரக்கத்தால் ஓட்டை உரிக்க முற்படுவது குஞ்சுக்குத் தீங்காகவே முடியும். வழுக்கும் தட்டில் பிறந்த குஞ்சுக்குக் கால் விரிந்துவிடுமாதலால், அடியில் சொரசொரப்பான துணி விரித்தல் நலம்.

மின்சாரம் நின்றுவிட்டால் பதற்றம் வேண்டா. மூடியைத் திறக்காமல், காற்றுத் துளைகளை விட்டுவிட்டு மேலே கோணிப்பை போர்த்தினால் ஒரு மணி நேரத்தைக் கடந்துவிடலாம். அடைக்கோழியும் நாள்தோறும் சிறிது நேரம் முட்டைகளை விட்டு எழுந்து செல்கிறதன்றோ? சற்றுக் குளிர்ந்தால் கரு பொறுத்துக்கொள்ளும். சூடு மிகுந்தால் பொறுக்காது. எனினும் அடிக்கடி மின்தடை நேரும் ஊர்களில், பேட்டரியிலும் இயங்கும் பெட்டியை வாங்குவதே அறிவுடைமை.

கணக்கு சொல்லும் உண்மை

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். இரண்டு வீடுகளில் ஐம்பது ஐம்பது முட்டைகள் வைத்ததாகக் கொள்வோம். இரு வீட்டிலும் 26 குஞ்சுகளே பொரித்தன. இருவரும் பெட்டியையே நொந்துகொண்டனர். அவர்கள் கணக்கு வைத்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்?

ஏழாம் நாள் இரவில், இருண்ட அறையில், முட்டையின் அகன்ற முனையைக் கைப்பேசியின் டார்ச் ஒளிக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். கரு வளரும் முட்டையில் சிலந்தி வலை போல் இரத்த நாளங்கள் படர்ந்திருக்கும். கருவற்ற கூமுட்டை ஒளி தெளிந்து காணப்படும். வளரத் தொடங்கி மடிந்த கருவானால் ஒரு சிவந்த வளையம் மட்டும் தெரியும்.

முதல் வீட்டில் அன்று 20 முட்டைகள் கூமுட்டைகளாக இருந்தன. மீதி 30 முட்டைகளிலிருந்து 26 குஞ்சுகள் வந்தன. அதாவது கருவுள்ள முட்டைகளில் நூற்றுக்கு 87. இங்கே பெட்டி தன் கடமையைச் செவ்வனே செய்திருக்கிறது. குறை சேவலிடம் உள்ளது. இவர்கள் புதுப் பெட்டி வாங்கினால் பணம்தான் விரயம். நல்ல சேவல் ஒன்று வாங்கினால் போதும்.

இரண்டாம் வீட்டில் கூமுட்டைகள் நான்கே. கருவுள்ளவை 46. அவற்றிலிருந்தும் 26 குஞ்சுகளே வந்தன. நூற்றுக்கு 57 கூட நிறையவில்லை. இங்கே சேவல் நன்று. சூட்டிலோ, ஈரத்திலோ, புரட்டுவதிலோ, சேமிப்பிலோ தவறு நிகழ்ந்திருக்கிறது. சிவந்த வளையம் பல காணப்பட்டால் சேமிப்பையும் தொடக்க நாட்களின் சூட்டையும் ஆராய வேண்டும். 19ஆம் நாளிலேயே குஞ்சுகள் வந்தால் சூடு மிகுதி; 22, 23ஆம் நாட்களில் வந்தால் சூடு குறைவு. முழுதாக வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே சவ்வு காய்ந்து ஒட்டி இறந்திருந்தால் கடைசி நாட்களில் ஈரம் போதவில்லை என்று அறியலாம்.

பார்வைக்கு ஒன்றாகத் தோன்றிய இரு நட்டங்களுக்கும் மருந்து வேறு வேறு. இதனை அறிய வேண்டுவது ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் மட்டுமே. முட்டை வைத்த நாள், காலை மாலைச் சூடு, ஏழாம் நாள் கூமுட்டைகள், பொரித்த குஞ்சுகள், பொரியாதவை ஆகியவற்றை எழுதி வருவோர் மூன்றாம் முறைக்குள் தம் தவறைத் தாமே திருத்திக்கொள்வர்.

பொரித்த பின்னர்

பெட்டி குஞ்சு பொரிக்குமேயன்றி வளர்க்காது. கோழியின் இறகணைப்புக்கு ஈடாக நாம் ஒரு செயற்கைத் தாயை அமைக்க வேண்டும். தகரத்தாலோ அட்டையாலோ வட்டத் தடுப்பு அமைத்து, குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் வீதம் குண்டு பல்பு தொங்கவிடலாம். எல்.இ.டி. விளக்கு இதற்குப் பயன்படாது. அது ஒளி தருமேயன்றிப் போதிய சூடு தராது. முதல் வாரம் 35 டிகிரி அளவில் தொடங்கி, வாரந்தோறும் 3 டிகிரி குறைத்து வரலாம். விளக்கின் கீழ்க் குஞ்சுகள் குவிந்தால் குளிர். தடுப்பின் ஓரத்திற்கு ஓடினால் சூடு மிகுதி. பரவி நின்று மேய்ந்தால் சரியான அளவு. அடைக்கோழி இருக்கும் வீட்டில், இரவில் சில குஞ்சுகளை அதன் இறகின்கீழ் விட்டு ஏற்கச் செய்வதும் உண்டு.

அனைத்திலும் பெரிய ஆபத்து, வெள்ளைக் கழிச்சல் என நம் மக்கள் அழைக்கும் ராணிக்கெட் நோயாகும். மூன்று வாரம் பாடுபட்டுப் பொரித்த குஞ்சுகளை இந்நோய் மூன்று நாட்களில் கொண்டுபோய்விடும். இதற்குத் தடுப்பு உண்டு. நோய் கண்ட பின்னர் மருந்து இல்லை. ஏழாம் நாள் அளவில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து விடுதல் வேண்டும். அடுத்தடுத்த தவணைகளைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிந்து தவறாது போட வேண்டும். மருந்தைப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவராவிட்டால் அது வீணாகிவிடும் என்பதையும் மறத்தலாகாது.

பஞ்சாயத்தின் பங்கு

இது வீட்டு வேலையாயினும் ஊரார் ஒத்துழைப்பு இதற்கு வேண்டும். ஒரு வீட்டில் மட்டும் தடுப்பு மருந்து போட்டு, அடுத்த வீட்டுக் கோழிகளை விட்டுவிட்டால் நோய் ஊரைவிட்டு அகலாது. கால்நடை மருந்தகத்தாரை அணுகித் தெருத்தெருவாக ஒரே நாளில் மருந்து போட ஏற்பாடு செய்தல் பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யத்தக்க நற்பணியாகும். பராமரிப்புக்கென மின்சாரம் நிறுத்தப்படும் நாளை முன்கூட்டியே ஊராருக்கு அறிவிக்கலாம். தனியே பெட்டி வாங்க இயலாத மகளிர் சுய உதவிக் குழுவினர் ஒரு பெட்டியைப் பொதுவில் வாங்கி, முறை வைத்துப் பயன்படுத்தவும் ஊக்கமளிக்கலாம். அவ்வாறு பொதுப் பெட்டி வைப்போர், பெட்டியோடு ஒரு பொதுக் கணக்கு நோட்டையும் வைத்தல் வேண்டும். ஒரு வீட்டார் கற்ற பாடம் அதன்வழி மற்ற வீடுகளுக்கும் செல்லும்.

வீணாகும் ஒவ்வொரு முட்டையும் ஒரு குழந்தையின் உணவு என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். முதல் முறையே ஐம்பது முட்டைகளை வைக்காமல், பத்து முட்டைகளை வைத்துப் பழகுவோம். பழி சொல்லுமுன் கணக்கைப் பார்ப்போம். முயற்சியும் பொறுமையும் நோட்டுப் புத்தகமும் உள்ள வீட்டில் பெட்டி பரண் ஏறாது. முற்றத்தில் குஞ்சுகள் மேயும்.