பச்சை என்றால் பச்சைதான்

பிறந்த குழந்தை பாலைக் கக்கும், திரிந்தும் வரும். அதற்கெல்லாம் ஓட வேண்டாம். ஆனால் கொத்தமல்லியை அரைத்துக் கரைத்தது மாதிரி பச்சையாக வந்தால், வீட்டில் யார் என்ன சொன்னாலும் கிளம்பிவிடுங்கள். நான் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

என் மகனுக்கு இரைப்பையை அடுத்த முன்சிறுகுடல் பிறவியிலேயே மூடியிருந்தது. பித்தநீர் வந்து சேரும் இடத்துக்குக் கீழே அடைப்பு, அதனால்தான் பச்சை. பிரசவம் பார்த்த நர்சிங் ஹோமில் (பெயர் வேண்டாம்) "பனிக்குடத் தண்ணியக் குடிச்சிருக்கும், சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். பாகூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் மாந்தம். பெரிய நாத்தனார் வசம்பைச் சுட்டு உரைத்து ஊற்றினார், கூடவே சர்க்கரைத் தண்ணீர். "வயிறு உப்பல, கருப்பா வெளிக்கும் போயிட்டான், அடைப்பு எங்கேர்ந்து வரும்?" என்று வாதம் வேறு. அடைப்பு இவ்வளவு மேலே இருந்தால் அடிவயிறு உப்பாது. கீழ்க்குடலில் ஏற்கெனவே இருந்தது வெளியேறத்தான் செய்யும். டாக்டர் இதை விளக்கியபோது நாத்தனார் கேண்டீனில் இருந்தார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கக் கூடாதாம். அந்த ஒரு நாளுக்குத்தான் பெரிய விலை கொடுத்தோம். நீரும் உப்பும் வற்றி உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது. ஜிப்மரில் கத்தியைத் தொடுமுன் ட்ரிப் ஏற்றி அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. எங்களுக்காவது அடைப்பு. குடல் முறுக்கிக்கொண்ட குழந்தைக்கும் இதே பச்சைதான் வரும். அங்கே ரத்த ஓட்டம் நின்று சில மணி நேரத்தில் குடலே அழுகிவிடும். எது எது என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நாத்தனாராலும்.

கிளம்பும்போது ஒரு சொட்டும் ஊட்டாதீர்கள். நான் ஊட்ட மறுத்ததால் "பாலை நிறுத்தினவ" என்று எனக்கு இன்னும் பெயர். எங்கள் பக்கத்துக்காரர்கள் கரிக்கலாம்பாக்கம் நலவழி மையத்தில் நிறுத்தி, மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் போட்டுத் திறந்துவிடச் சொல்லுங்கள். பிறகு வில்லியனூர் வழியாகக் கோரிமேடு ஜிப்மர். கக்கிய துணியைத் துவைக்காமல் பையில் போட்டு எடுத்துப் போங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த போட்டோவில் பச்சை மஞ்சளாகத் தெரியலாம். துணி பொய் சொல்லாது.

எக்ஸ்ரேயில் இரண்டு காற்றுக் குமிழி தெரிந்தது. இதயத்துக்கு எக்கோ எடுத்தார்கள். அடைப்புக்கு மேலும் கீழும் குடலைத் திறந்து ஒன்றோடொன்று தைத்தார்கள். குழாயில் பச்சை வடிவது குறைந்த பிறகு மில்லி மில்லியாகப் பால். முதல் நாளிலிருந்தே பீய்ச்சிவந்தால்தான் அப்போது பால் இருக்கும். இந்த அடைப்புள்ள குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு டவுன் சிண்ட்ரோமும் சேர்ந்திருக்கும். எங்களுக்கு இல்லை. இருந்திருந்தாலும் இதே ஆபரேஷனைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன்.

இன்னொரு கோபம் ஸ்கேன் சென்டர் மேல். பனிக்குட நீர் அதிகம் என்று ஏழாம் மாதமே எழுதியிருந்தார்கள். குழந்தை விழுங்கும் நீர் குடலுக்குள் இறங்காவிட்டால் அப்படித் தேங்கும். தாளில் எழுதியவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. உங்கள் தாளில் அந்த வரி இருந்தால் குழந்தையின் இரைப்பை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பிரசவத்தையும் குழந்தை அறுவை நிபுணர் இருக்கும் இடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வளர்ந்த பிறகும் தையல் போட்ட குடல் ஒட்டிக்கொண்டு அடைக்கலாம். மறுபடி பச்சையாகக் கக்கினால் அன்றைக்கே போக வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டை ரேஷன் கார்டோடு பத்திரமாகப் பூட்டி வையுங்கள். சாவி உங்களிடமே இருக்கட்டும்.