பழைய கேம் ஓடவில்லையா? கார்டைத் திட்டாதீர்கள்

கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு புதிதோ, பழைய கேம் அவ்வளவு நன்றாக ஓடும் என்று பலரும் நம்புகிறார்கள். 2005-ல் கணினிக்கு வந்த ‘ஜிடிஏ சான் ஆன்ட்ரியாஸ்’ இதற்கு நேர்மாறு. அதில் ஃபிரேம் வேகத்துக்கு வரம்பு வைக்கும் ஃபிரேம் லிமிட்டரை ஆஃப் செய்தால் இன்றைய கார்டு ஃபிரேம்களை வரைந்து தள்ளும். ஆனால் தண்ணீரில் குதித்த நாயகன் நீந்த முடியாமல் தவிப்பான். அந்த கேமின் இயக்கக் கணக்குகள் ஃபிரேம் வேகத்தோடு பிணைந்தவை. லிமிட்டரை ஆன் செய்தால் தீர்ந்தது.

இன்னும் பழைய கேம்களில் திரை கறுப்பாகவே நிற்கும். உடனே ‘கார்டு போச்சு’ என்பார்கள். 90-களின் பிற்பகுதியில் ‘3டிஎஃப்எக்ஸ்’ நிறுவனத்தின் வூடூ கார்டுகள்தான் ராஜா. அவற்றுக்கென்றே இருந்த ‘கிளைட்’ என்ற வரைகலை இடைமுகம் வழியாகப் பல கேம்கள் படம் வரைந்தன. அந்த நிறுவனம் நொடித்து, அதன் தொழில்நுட்பம் என்விடியாவின் கைக்குப் போனது. இன்றைய கார்டு எதற்கும் கிளைட் தெரியாது. ‘என்கிளைட்’, ‘டிஜிவூடூ 2’ போன்ற இலவச மென்பொருள்கள் நடுவில் நின்று மொழிபெயர்த்துத் தருகின்றன. விண்டோஸின் வரைகலை இடைமுகமான டைரக்ட்எக்ஸின் பழைய பதிப்புகளுக்கு எழுதப்பட்ட கேம்களுக்கும் டிஜிவூடூ கைகொடுக்கும்.

‘என்னிடம் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே, 9 எதற்கு?’ என்பது அடுத்த வாதம். விண்டோஸ் 10-ல் டைரக்ட்எக்ஸ் 9-ன் அடித்தளம் உண்டு. கேம்கள் தேடும் சில துணை டிஎல்எல் கோப்புகள்தான் கூடவே வருவதில்லை. மைக்ரோசாஃப்டின் ஜூன் 2010 டைரக்ட்எக்ஸ் தொகுப்பை நிறுவினால் அவை வந்துவிடும். கண்ட கண்ட தளங்களில் ஒற்றை டிஎல்எல் கோப்பை இறக்காதீர்கள். வைரஸை நீங்களே அழைத்து வருவதாக ஆகிவிடும்.

டிஸ்கில் வாங்கிய கேம் திறக்கவே மறுத்தால் கார்டைச் சந்தேகிக்காதீர்கள். ‘சேஃப்டிஸ்க்’ என்ற பழைய நகல் தடுப்பை விண்டோஸ் 10 ஏற்பதில்லை, அவ்வளவுதான். லேப்டாப்பில் கேம் திக்கினால், அது பெரிய கார்டை விட்டுவிட்டு உள்ளிணைந்த சிறிய கிராபிக்ஸில் ஓடுகிறதா என்று டிஸ்ப்ளே செட்டிங்ஸில் பாருங்கள்.

கேபிளையும் மானிட்டரையும் மாற்றிய பிறகும், கணினி துவங்கும் முதல் திரையிலேயே கோடுகளும் வண்ணக் கட்டங்களும் தெரிந்தால், அப்போது கார்டைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போங்கள்.