சிறந்த பதினொருவரைத் தெரிதல்

இலங்கைத் துடுப்பாட்ட அணியின் எக்காலத்துக்கும் சிறந்த பதினொருவர் யாவர் என்னும் வினா, தொண்டைமானாற்று மாணாக்கரிடையே மாலைதோறும் எழுவதாகும். அதனை வாய்ப்போருக்கு விடாது எண் கொண்டு ஆராய்வாம்.

ஓட்டங்களை ஆட்டமிழந்த தடவைகளால் வகுக்கச் சராசரி பெறப்படும். 133 ரெஸ்ற் ஆட்டங்களில் 800 விக்கெற்றுகள் வீழ்த்திய முத்தையா முரளிதரனைப் பற்றி ஆராய்ச்சி வேண்டுவதில்லை. இடர்ப்பாடு விக்கெற் காப்பாளரிடத்திலேயே உளது.

குமார் சங்கக்காரவின் சராசரி 57.40. இஃது இரண்டன் கலப்பாகும். விக்கெற் காத்த 48 ஆட்டங்களில் ஏறக்குறைய 40. காவாத 86 ஆட்டங்களில் ஏறக்குறைய 67. அவரையே காப்பாளராக்கித் திலான் சமரவீரவை (48.76) உடன் சேர்ப்பின் இருவர் கூட்டு ஏறத்தாழ 89. சங்கக்காரவைத் துடுப்பாட்டத்துக்கே விட்டு, காப்புக்குப் பிரசன்ன ஜயவர்த்தனவைக் (29.50) கொள்ளின் 96. ஆகவே பிரசன்னவே வருவார். மாணாக்கர் முகஞ்சுளித்தனர், கரும்பலகையிற் கணக்கையிட்டபின் அடங்கினர்.

இனி, என் மனத்தை உறுத்துவது ஒன்றுண்டு. மகாதேவ சதாசிவம் 1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்கள் எடுத்தவர். 1948இல் பிரட்மனின் அவுஸ்திரேலியருக்கெதிராக இலங்கைக்குத் தலைமை தாங்கியவர். இலங்கையின் முதல் ரெஸ்ற் ஆட்டமோ 1982இல் நிகழ்ந்தது. அவர் 1977இலேயே காலமானார். ரெஸ்ற் ஏட்டில் அவர்க்கு ஒரு வரிதானும் இல்லை. பிறர் எண்ணை அவர்க்கு இரவல் கொடுத்தலும் முறையன்று. எனவே பட்டியலின் புறத்தே, பன்னிரண்டாமவராக அவர் பெயரை எழுதினேன். மாணாக்கன் ஒருவன் எழுந்து வந்து, அதனை அழித்து நான்காம் இடத்தில் எழுதினான். நான் திருத்தவில்லை.