வேலைக்குப் போகும் உடம்பு

பாலிடெக்னிக்கில் மின்னியல் பாடம் எடுக்கிறேன். கேம்பஸ் இன்டர்வியூ பொறுப்பும் என்னிடம்தான். எங்கள் பிள்ளைகள் பலர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளில் சேர்கிறார்கள். சில மாதங்களிலேயே வேலையை விட்டு வந்தவர்களிடம் காரணம் கேட்டால், வேலை தெரியவில்லை என்பவர்கள் குறைவு. "எட்டு மணி நேரம் நிக்க முடியல மேடம்", "நைட் ஷிப்ட் ஒத்துக்கல மேடம்" என்பார்கள். கைக்குத் தந்த பயிற்சியை உடம்புக்கு யாருமே தந்திருக்கவில்லை. இப்போது என் மாணவர்களுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்லித் தருகிறேன்.

மாணவிகளுக்கு முதலில் ரத்தப் பரிசோதனை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருக்கும் பெண் வகுப்பில் சமாளித்துவிடுவாள். அசெம்பிளி லைனில் தலைசுற்றும். இன்டர்வியூ நெருங்கும்போது பார்த்துப் பயனில்லை. மாத்திரை சாப்பிட்டு அளவு தேற மாதக்கணக்கில் ஆகும். அதனால் கடைசி ஆண்டின் தொடக்கத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிடுகிறேன். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு விழுங்கக் கூடாது. அவை சத்தை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சைச் சாறு நல்லது. காலையில் வெறும் டீயோடு கிளம்பும் பழக்கத்தையும் அப்போதே விடச் சொல்கிறேன்.

மாணவிகள் வெளியில் சொல்லாத இன்னொன்று உண்டு. கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கக் கூச்சப்பட்டு, ஷிப்ட் முழுக்கத் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். பிறகு சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், விடுப்பு. சூப்பர்வைசரிடம் தயங்காமல் கேட்பதை வகுப்பிலேயே சத்தமாகச் சொல்லிப் பழக வைக்கிறேன். இன்டர்வியூவில் பேசுவதற்குத் தரும் பயிற்சியைவிட இது முக்கியம் என்றே நினைக்கிறேன்.

பையன்களுக்கு நிறப்பார்வைச் சோதனையை முதலாண்டிலேயே செய்துவிடுங்கள். சிவப்பு ஒரு பேஸ், பச்சை எர்த். இரண்டையும் பிரித்தறிய முடியாதவரை வயரிங் வேலைக்கு அனுப்புவது உயிராபத்து. முன்பே தெரிந்தால் வரைபடம், புரோகிராமிங் என்று வழி மாற்றிக்கொள்ளலாம். மூன்றாண்டு படித்து முடித்து, கம்பெனி மெடிக்கலில் தெரியவரும்போது அந்தப் பிள்ளை உடைந்துபோகிறான்.

நைட் ஷிப்டுக்குப் போகும் பிள்ளைகளுக்கு: பின்னிரவில் காபி வேண்டாம். அறைக்குத் திரும்பியதும் ஜன்னலை இருட்டாக்கி, போனை எட்டாத இடத்தில் வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

அப்ரண்டிஸாகச் சேர்பவர்கள் ஒப்பந்தத்தை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி, பயிற்சி வேலையில் அடிபட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு நிறுவனத்துடையது. நிரந்தர வேலை என்றால் சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ மருத்துவக் காப்பீட்டுப் பிடித்தம் 0.75 சதவீதம் இருக்கிறதா பாருங்கள். 21,000 ரூபாய் வரை மாதச் சம்பளம் வாங்குபவர்களுக்கு அது உண்டு. காப்பீட்டு எண்ணை முதல் மாதமே கேட்டு வாங்கி, நீங்கள் தங்கும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள இஎஸ்ஐ மருந்தகம் எது என்று காய்ச்சல் வரும் முன்பே விசாரித்து வையுங்கள்.