கொடையா, இரவலா? – கள்ளாமை விரதமும் அண்டை அயல் வழக்குகளும்



கள்ளாமை விரதம் என்றவுடன், "அது நமக்கு எளிது, நாம் எவர் வீட்டிலும் புகுந்து திருடுவதில்லையே" என்று நம்மில் பலர் அமைதி கொள்கிறோம். ஆனால் உமாசுவாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் களவுக்குக் கூறும் இலக்கணம் அவ்வளவு எளிதில் கடந்து செல்லத்தக்கது அன்று. கொடுக்கப்படாத பொருளைக் கொள்ளுதலே களவு என்பது அவர் கொள்கை. பூட்டை உடைத்தலும் இருளில் வருதலும் அவ்விலக்கணத்தில் இடம்பெறவில்லை. ஒரே வினாதான் எஞ்சுகிறது: "இப்பொருள் எனக்குக் கொடுக்கப்பட்டதா?"

அண்டை வீட்டாரிடையே நேரும் பல சச்சரவுகள் இவ்வினாவை உரிய நேரத்தில் கேளாமையால் விளைபவை. ஆதலின், வாய்மொழியாகப் பெற்ற அனுமதி, இரவல், கைமாற்று, கொடை ஆகியவற்றை இல்லறத்தார் எவ்வாறு கையாள வேண்டும் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

ஓர் எடுத்துக்காட்டு

மதுரை நகரின் மேற்கே, வைகையின் தென்கரையில் உள்ள கோச்சடை போன்ற ஊர்களை எண்ணிப் பாருங்கள். நெல் விளைந்த நன்செய் நிலங்கள் வீட்டு மனைகளாக மாறிய பகுதி அது. வயலாக இருந்த காலத்தில் வரப்பின்மேல் யார் நடந்தாலும் எவரும் கேட்டதில்லை. மனையாகிவிட்டால் ஓர் அடி நிலத்துக்கும் விலை உண்டு.

விளக்கத்தின் பொருட்டு ஒரு நிகழ்ச்சியைக் கற்பித்துக்கொள்வோம். ஒருவருடைய வீட்டிலிருந்து தெருவுக்குச் சுற்றிச் செல்ல வேண்டியுள்ளது. பக்கத்து மனைக்குரிய பெரியவர், "தாராளமாக இப்படியே போய் வாருங்கள் தம்பி, உங்களுக்கு இல்லாத வழியா?" என்கிறார். அன்பு நிறைந்த சொல். ஆனால் அச்சொல்லின் பொருள் யாது? வழியைக் கொடுத்துவிட்டாரா, நடக்க அனுமதித்தாரா? இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. 25 ஆண்டுகள் கழிகின்றன. பெரியவர் மறைகிறார், மக்கள் மனையை விற்கின்றனர், வாங்கியவர் சுவர் எழுப்புகிறார். "பெரியவர் எனக்குத் தந்த வழி" என்கிறார் ஒருவர். "பத்திரத்தில் அப்படி எதுவும் இல்லையே" என்கிறார் மற்றவர். இருவரும் பொய் சொல்லவில்லை. எனினும் பகை பிறந்துவிட்டது.

சட்டம் கூறுவது

இந்த வழக்கில் நாட்டின் சட்டம் எங்கே நிற்கிறது என்பதை அறிதல் நன்று.

1882 ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் கொடையைப் பற்றித் தெளிவாகக் கூறுகிறது. கொடுப்பவர் தம் விருப்பத்தோடு, கைம்மாறு பெறாது, தமக்கு உள்ள பொருளைக் கொடுத்தல் வேண்டும். பெறுபவர் அதனைக் கொடுப்பவரின் வாழ்நாளுக்குள் ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும் (பிரிவு 122). பண்டம், பாத்திரம், ஆடு மாடு போன்ற அசையும் பொருளாயின் கையில் ஒப்படைத்தாலே கொடை நிறைவேறும். நிலம், வீடு ஆகிய அசையாப் பொருளாயின் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட, பதிவு செய்யப்பெற்ற பத்திரம் வேண்டும் (பிரிவு 123). இஸ்லாமியர் தம் சமயச் சட்டப்படி செய்யும் கொடைக்கு மட்டும் இச்சட்டமே விலக்கு அளித்துள்ளது (பிரிவு 129). மற்றவர்களைப் பொறுத்தவரை, "இந்த இரண்டு சென்ட்டை உனக்கே தந்தேன்" என்ற வாய்ச்சொல்லால் நிலம் கைமாறுவதில்லை.

வழிப்பாதைக்கும் நீர் செல்லும் வாய்க்காலுக்கும் உரியது அதே 1882 ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம். வெளிப்படையாக, தடையின்றி, தம் உரிமையாகவே 20 ஆண்டுகள் பயன்படுத்திய வழிக்குப் பாத்தியதை உண்டாகும் (பிரிவு 15). பலர் இந்த 20 ஆண்டுக் கணக்கை மட்டும் நினைவில் வைத்திருக்கின்றனர். ஆனால் ஒருவருடைய அனுமதியின்பேரில் நடப்பது உரிமையாக நடப்பது ஆகாது. அனுமதி எத்தனை ஆண்டு நீடித்தாலும் அனுமதியே. நிலம் விற்கப்பட்டால், வாங்கியவரை அவ்வனுமதி தானாகவே கட்டுப்படுத்துவதுமில்லை (பிரிவு 59). அதே நேரத்தில், அனுமதியை நம்பி ஒருவர் தம் செலவில் நிலையான கட்டுமானம் செய்துவிட்டால், அனுமதி அளித்தவர் அதனை விருப்பம்போல் திரும்பப் பெற இயலாது (பிரிவு 60). ஆகவே, வாளா இருந்துவிட்டால் பெற்றவருக்கும் இழப்பு நேரலாம், கொடுத்தவருக்கும் நேரலாம்.

கைமாற்றுக்கு வருவோம். பணக் கடன் வாய்மொழியாக இருந்தாலும் செல்லும். ஆனால் கடன் தந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்பது 1963 ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் விதி. அக்காலத்துக்குள் கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் கணக்கு அந்நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும். காலம் கடந்த கடனையும் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டால் அது செல்லும் என்று 1872 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் கூறுகிறது (பிரிவு 25). அதாவது காலம் கடந்தால் தடைப்படுவது வழக்குத்தான். கடன் அழிந்துவிட்டதாகச் சட்டமும் கருதவில்லை. "மூன்று ஆண்டு முடிந்துவிட்டது, இனித் தரவேண்டியதில்லை" என்று மகிழும் இல்லறத்தார் இதனை ஊன்றி நினைத்தல் வேண்டும்.

விரதம் கூறுவது

சட்டம் பத்திரத்தைக் கேட்கிறது. விரதமோ நெஞ்சைக் கேட்கிறது.

வாய்மை அணுவிரதத்துக்குரிய ஐந்து அதிசாரங்களுள் நியாசாபகாரம் என்பது ஒன்று. நியாசம் என்பது நம்பி ஒப்படைக்கப்பெற்ற அடைக்கலப் பொருள். அதன் உட்பொருளைப் பூச்சியபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் நுட்பமாக விளக்குகிறார். பொருளை ஒப்படைத்தவர் எண்ணிக்கையை மறந்து குறைத்துக் கேட்கும்போது, "ஆம், அவ்வாறே" என்று உடன்படுதலே நியாசாபகாரம்.

சம்மேத சிகர யாத்திரைக்குப் புறப்படும் அம்மையார் ஒருவர் பித்தளைப் பாத்திரங்கள் பன்னிரண்டைப் பக்கத்து வீட்டில் வைத்துச் செல்கிறார் என்று கொள்வோம். திரும்பி வந்து, "பத்துதானே கொடுத்தேன்?" என்கிறார். "நீங்கள் சொன்னால் சரிதான் அக்கா" என்று விடை வருகிறது. இங்கே எவரும் திருடவில்லை. வெளிப்படையான பொய்யும் சொல்லவில்லை. பிறருடைய மறதியைத் தமக்கு ஆதாயமாக்கிக்கொண்டது ஒன்றே குற்றம். ஆயினும் விரதம் பழுதுபட்டது.

இவ்விளக்கத்தை முன் கூறிய வழிப்பாதைக்குப் பொருத்திப் பாருங்கள். மறதி எண்ணிக்கையைக் குறைப்பது போலவே, மரணம் சாட்சியை நீக்குகிறது. அனுமதி என்று அறிந்திருந்தும், பெரியவர் மறைந்தபின் "எனக்கே தந்தார்" என்று உரைப்பது, பன்னிரண்டைப் பத்தாக்குவதற்கு ஒப்பானதே.

கொடுப்பவருக்கும் கடமை உண்டு. தானம் என்பது பிறர் நன்மைக்கும் தம் நன்மைக்குமாகத் தமது பொருளை விட்டுவிடுதல். 'தமது', 'விட்டுவிடுதல்' என்னும் இரண்டு சொற்களையும் கருதுக. கூட்டுப் பட்டாவில் உள்ள நிலத்தையும் பங்காளிக்கும் உரிய சுவரையும் ஒருவர் தனியே வழங்கினால் அது தமது பொருளை வழங்கியதாகாது. கொடுத்தபின் ஒவ்வொரு சண்டையிலும் "நான் கொடுத்தது" என்று சொல்லிக்காட்டினால் அது விட்டுவிட்டதாகாது.

எனினும் முதற்பொறுப்பு பெற்றவருடையதே என்று கருதுகிறோம். கொடுப்பவர் அன்பின் மிகுதியால் அளவின்றிப் பேசுவார். அவ்வன்பின் எல்லையைக் கேட்டறிந்து அதற்குள் நிற்பதுதான் கள்ளாமை.

எழுதுதல் ஐயமா?

"அண்டை வீட்டாரிடம் எழுதி வாங்குவதா? அது நம்பிக்கைக் குறைவு அல்லவா?" என்று சிலர் வினவலாம். நம் பாண்டி நாடு இவ்வினாவுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விடை தந்துள்ளது.

மதுரைக்கு வடகிழக்கே மாங்குளம் மலையில், கணி நந்தன் என்னும் சமணத் துறவிக்குச் செய்த கொடையைக் கூறும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. கி.மு. 2 ஆம் நூற்றாண்டைச் சார்ந்தனவாக அறிஞர் கருதும் அவற்றில் நெடுஞ்செழியனின் பெயரும் வெள்ளறை வணிகக் குழுவினரின் கொடையும் காணப்படுகின்றன. அழகர்மலைக் குகைத்தளத்தில் உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன், மதுரைப் பொற்கொல்லன் எனக் கொடையாளர் தத்தம் தொழிலோடு பெயர் பொறித்துள்ளனர். பழநிக்கு அருகே ஐவர்மலையில் கி.பி. 870 ஆம் ஆண்டைச் சார்ந்த கல்வெட்டு, சாந்திவீரக் குரவர் திருமேனிகளைப் புதுக்கியதையும், வழிபாட்டுக்கும் ஓர் அடிகளின் உணவுக்குமாக 505 காணம் பொன் அளித்ததையும் கூறுகிறது. ஆண்டு, கொடுத்தவர், தொகை, நோக்கம் ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. கோச்சடைக்குத் தென்மேற்கே கீழக்குயில்குடிச் சமணர் மலையிலும், திருமேனியைச் செய்வித்தவர் பெயர் வட்டெழுத்தில் நிற்கிறது. பொருட்பற்றைத் துறந்த முனிவர்மீது ஐயம் கொண்டா இவற்றை எழுதினர்? கொடையின் எல்லை பிற்காலத்தார்க்கு ஐயமறத் தெரிதல் வேண்டும் என்றே எழுதினர்.

இன்றும் மதுரை வட்டாரத் திருமண மண்டபங்களின் வாயிலில் மொய் எழுதும் மேசை உண்டு. ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதுகின்றனர். கணினியில் பதிந்து இரசீது தருவோரும் உளர். அதனை எவரும் அவமதிப்பாகக் கருதுவதில்லை. நூற்றொரு ரூபாய் மொய்யை எழுதி வைக்கும் நாம், ஆயிரம் மடங்கு பெறுமதியுள்ள வழிப்பாதையை வாய்ச்சொல்லில் விட்டுவிடுவது பொருந்துமா?

நடைமுறை

பெறுபவர் மேற்கொள்ள வேண்டியவை நான்கு.

ஒன்று: பெறும்போதே, "ஐயா, இது கொடையா, இரவலா, அனுமதியா?" என்று பணிவுடன் கேட்டல்.

இரண்டு: "எதுவரை?" என்று கேட்டல். இரவலுக்கு நாள் வேண்டும். அனுமதிக்கு நிபந்தனை வேண்டும்.

மூன்று: அன்றே ஒரு தாளில் தேதி, இருவர் பெயர், பொருள், நோக்கம் ஆகியவற்றை எழுதி இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுதல். "இவ்வழியை அனுமதியின்பேரில் பயன்படுத்துகிறேன், உரிமை கோரேன்" என்று பெறுபவரே எழுதித் தந்தால், நிலம் பறிபோகுமோ என்ற அச்சமின்றிக் கொடுப்பவர் இன்னும் தாராளமாகக் கொடுப்பார்.

நான்கு: நிலத்தையோ நிலையான வழியுரிமையையோ உண்மையாகவே கொடையாகப் பெறுவதாயின், வழக்கறிஞரைக் கலந்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவு செய்தல்.

சச்சரவு ஏற்கெனவே முற்றிவிட்டதாயின், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தை நாடலாம். 1987 ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, வழக்குத் தொடுப்பதற்கு முன்பே அங்கு மனுச் செய்யலாம். இருவரும் உடன்பட்டு ஏற்கும் முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்கு ஒப்பானது. அதன்மேல் முறையீடு இல்லை. வென்றவர், தோற்றவர் என்ற பிரிவின்றி மறுநாளும் ஒரே தெருவில் வாழ வேண்டியவர்களுக்கு இது ஏற்ற வழி.

தசலட்சணப் பெருநாள் நிறைவில் நாம் க்ஷமாவணி கொண்டாடி, உற்றார் அயலார் எல்லோரிடமும் மன்னிப்பு வேண்டுகிறோம். அதற்கு முந்திய நாள் ஒரு சிறு கணக்கெடுப்பைச் செய்வோமாக. நம் வீட்டில் இருக்கும் பிறர் பொருள் எவை? இரவல் வாங்கிய ஏணி, மறந்துபோன கைமாற்று, கேளாமல் நீட்டிய கூரைவிளிம்பு, அனுமதி என்று அறிந்தும் உரிமையாக்கிக்கொண்ட வழி: இவற்றை எழுதி, திருப்ப வேண்டியதைத் திருப்பி, கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்துவிட்டு, அதன்பின் அயலார் வாசலில் நின்று கைகூப்புவோம்.