பட்டை நீளாது



காவிரிப் படுகைக் கிணறு ஒன்றின் லாகுகளிலிருந்து சிந்தடிக் என்ற செயற்கை எதிரொலிப் பதிவைச் செய்து சைஸ்மிக்கோடு பொருத்தி நீங்கள் எழுதிய கட்டுரை கும்மிடிப்பூண்டிக்கு வந்து சேர்ந்தது. நான்காவது படத்தைத் தாண்ட முடியவில்லை.

சாத்தப்பாடி களிப்பாறையில் என்ன செய்திருக்கிறீர்கள்? அங்கே தடிமன் 200 மீட்டர். சோனிக் சொல்லும் வேகம் நொடிக்கு 3,000 மீட்டர். அலை போய்த் திரும்ப 133 மில்லிநொடி. அதை 115-க்கு அழுத்தியிருக்கிறீர்கள். கோரிலேஷன் 0.61-லிருந்து 0.88-க்கு ஏறிவிட்டது. கூடவே அந்தக் களிப்பாறையின் வேகமும் ஏறக்குறைய 3,480 ஆகிவிட்டது. இந்த எண்ணைக் கட்டுரையில் எங்குமே எழுதவில்லை. எனக்குக் கோபம் வந்ததே அதனால்தான்.

சோனிக் கருவி வேலை செய்வது பத்தாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல். சைஸ்மிக் அலை சில பத்து ஹெர்ட்ஸில். அதிர்வெண் கூடினால் பாறையில் வேகமும் சற்றுக் கூடும். ஆகவே சைஸ்மிக் அலையைக் கிணற்றிலேயே நேராக அளக்கும் செக்‌ஷாட் நேரம் சோனிக் நேரத்தைவிட நீள்வதுதான் வழக்கம், அதுவும் ஆழம் கூடக் கூட மெல்ல. நீங்களோ ஒரே அடுக்குக்குள், அதுவும் எதிர்த்திசையில், 18 மில்லிநொடியை விழுங்கிவிட்டீர்கள். கிணற்றுச் சுவர் சரிந்து சோனிக் கெட்டிருந்தால் ஒப்புக்கொள்வேன். கிணற்றின் விட்டத்தைக் காட்டும் உங்கள் கேலிப்பர் அங்கே ஆடாமல் அசையாமல் இறங்குகிறது. செக்‌ஷாட் அட்டவணையைப் பின்னிணைப்பில் நீங்களே கொடுத்திருக்கிறீர்கள். அதையும் மீறி ஏன் அழுத்தினீர்கள்?

எங்கள் காலத்தில் சிந்தடிக்கைப் பிலிம் பட்டையில் எடுத்து, விளக்கு மேசையில் செக்‌ஷன் மேல் வைத்து மேலும் கீழும் நகர்த்துவோம். ஒரு நொடிக்கு 10 சென்டிமீட்டர். உங்கள் 18 மில்லிநொடி அதில் 1.8 மில்லிமீட்டர்; எங்கள் பிரிவின் மூத்தவர் கண்ணுக்கு அது தப்பவே தப்பாது. பட்டையை நகர்த்தலாம், நீட்டவோ சுருக்கவோ முடியாது. பொருந்தாத இடத்தில் பென்சிலால் வட்டம் போடுவார். அப்புறம் எங்கள் பாடு. டென்சிட்டி கெட்டிருக்கிறதா, வேவ்லெட்டின் ஃபேஸ் வேறா, கிணறு சாய்ந்து இறங்கியதைக் கணக்கில் எடுத்தோமா, சைஸ்மிக்கிலேயே மல்டிபிள் கலந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் துருவ வேண்டும். டீ ஆறிப்போகும், யாருக்கும் நினைவிருக்காது. கிணற்றைப் பற்றி நான் கற்றதெல்லாம் அந்த வட்டங்களிலிருந்துதான். உங்கள் சாத்தப்பாடியிலும் அப்படியொரு வட்டம் இருந்திருக்க வேண்டும். மவுஸால் அதை அழித்துவிட்டீர்கள்.

ஆனாலும் அடித்தளப் பாறை பற்றிய பத்தி அபாரம். அதன் உச்சியில் பலத்த எதிரொலிப்பு வரும் என்று எல்லோரும் தேடுவார்கள். கிரானைட் சிதைந்து, வேகம் படிப்படியாக ஏறுவதால் இங்கே அது மங்கிவிடுகிறது என்று சோனிக்கை வைத்தே நிறுவியிருக்கிறீர்கள். இவ்வளவு தெளிவாக இதை யாரும் எழுதி நான் படித்ததில்லை. காவிரிப் படுகையின் பி.ஒய்-1 வயலில் எரிவாயு இருப்பதே விரிசல் விட்ட அடித்தளப் பாறையில்தான். அந்த உச்சியை எங்கே குறிப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிற எல்லோரும் உங்கள் பத்தியைப் படிக்க வேண்டும்.

அந்தச் சிதைவை நேரில் பார்த்திருக்கிறீர்களா? திருத்தணிப் பக்கம் கல் குவாரிகளில் தெரியும். மேலே மண், அடியில் கையாலேயே உதிர்க்கக்கூடிய கல், அதற்கும் கீழே உளிக்கு மசியாத பாறை. எது எங்கே முடிகிறது என்று கோடு கிழிக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், சேர்ந்தே போவோம். வரும்போது செக்‌ஷாட் திருத்தம் மட்டும் செய்த, அழுத்தாத சிந்தடிக்கைப் பிலிமில் எடுத்து வாருங்கள். பென்சில் என்னிடம் இருக்கிறது.